துபுலுக் கிணற்றடி

பிப்ரவரி 8, 2025. யாபெலோ

அடிஸ் அபாபாவிலிருந்து இரண்டு நாள் பயணம், நடுவில் ஹவாசாவில் ஒரு இரவு. தில்லாவைத் தாண்டியும் காப்பித் தோட்டங்கள். அவை முடிந்து இன்னும் தெற்கே போனதும் மண் சிவந்து, முள்மரமும் ஆளுயரம் தாண்டிய கறையான் புற்றுகளுமாகப் தெற்கு எத்தியோப்பியாவில் மாடு மேய்த்து வாழும் போரானா மக்களின் நாடு தொடங்கிவிட்டது. இது 'போனா', கடும் வெயில்காலம். மார்ச்சில் 'கன்னா' மழை இறங்கும்வரை மாடுகளுக்கு ஆழ்கிணறுதான் கதி. அந்தக் கிணறுகளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

மொழிபெயர்க்க வந்திருக்கும் தம்பி முதலில் நலம் விசாரிக்கக் கற்றுக்கொடுத்தான். 'நகா' என்றால் அமைதி. பிள்ளைகள் நகாவா, மாடுகள் நகாவா, ஊர் நகாவா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு முடித்த பிறகே வந்த காரியத்தைப் பேச வேண்டும்.

பிப்ரவரி 9. துபுலுக்

தங்கியிருக்கும் வீட்டைக் கட்டியவர் இந்த வீட்டுப் பாட்டியேதான். இங்கே வீடு கட்டுவது பெண்கள் வேலை. விருந்தாளி வந்ததற்காக 'புனா கலா' செய்தார். கலா என்றால் அறுப்பது, ஆடு மாடு அறுப்பதற்குச் சொல்லும் அதே சொல். உலர்ந்த காப்பிப் பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினார். பிறகு முழுப் பழமாகவே நெய்யில் போட்டார். பழங்கள் படபடவென வெடித்தன. மேலே பால் ஊற்றி, வாழ்த்துச் சொல்லி, எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம். மீதி நெய்யைக் கையிலும் முகத்திலும் தடவிக்கொண்டார்கள், எனக்கும் தடவிவிட்டார். பால் வைத்திருந்த குடுவை நாரால் பின்னியது, உள்ளே கங்கு போட்டுப் புகையேற்றியது. அந்தப் புகைவாசம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

2020 கடைசியிலிருந்து ஐந்து மழைப்பருவம் அடுத்தடுத்துப் பொய்த்தபோது இந்த வீட்டு மாடுகள் அத்தனையும் செத்துவிட்டன. இப்போது தொழுவில் மூன்று. முதல் பசு குலத்தார் கொடுத்தது. இந்த முறைக்குப் பெயர் 'பூசா கோனோஃபா': மாடிழந்தவர் கேட்டால் குலம் கூடிப் பேசி மாடு கொடுத்து மறுபடி நிற்கவைக்க வேண்டும். அது தர்மமல்ல, உரிமை என்று தாத்தா அழுத்திச் சொன்னார். ஆனால் அந்த வறட்சியில் கொடுக்க வேண்டியவர்களும் இழந்து நின்றார்கள். அதனால் ஒரு பசுதான் கிடைத்தது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

பிப்ரவரி 10

கிணறு. இதை நிதானமாக எழுத வேண்டும்.

போரானாவின் புகழ்பெற்ற ஆழ்கிணற்றுத் தொகுதிகள் ஒன்பது, 'துலா' என்கிறார்கள். துபுலுக் அதில் ஒன்று. நம் ஏற்றத்தின் துலா நினைவுக்கு வந்தது. ஒலி மட்டும்தான் ஒன்று, இங்கே மரமும் இல்லை கயிறும் இல்லை, மனிதர்தான் துலா.

தரையிலிருந்து சரிவாக அகலப் பாதை வெட்டி இறக்கியிருக்கிறார்கள். அதன் அடியில் களிமண் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் கிணற்றுக் குழி. குழிக்குள் ஒருவர் தலைக்குமேல் ஒருவராக எட்டுப் பேர் நின்றார்கள். அடியில் நிற்பவர் மொண்டு தூக்கி எறிய, மேலே உள்ளவர் பிடித்து மேலே எறிகிறார். மறுகையால் காலி வாளி இறங்குகிறது. முன்பு வாளி ஒட்டகச்சிவிங்கித் தோலில். இப்போது எண்ணெய் கேனை அறுத்துச் செய்கிறார்கள். பாட்டு நின்றால் கை தடுமாறும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள், எல்லாம் மாட்டின் புகழ். சரிவில் காத்திருந்த வெள்ளை மாடுகள் அந்தக் குரலுக்குக் காதைத் திருப்பியதைப் பார்த்தேன். என் தாத்தாவின் ஏற்றப்பாட்டை நான் கேட்டதே இல்லை. பம்புசெட் வந்த பிறகு பிறந்தவள் நான். சரிவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

யார் மாடு எப்போது குடிக்கும் என்பதில் சச்சரவே இல்லை. கிணறு வெட்டியவர் வழிவந்த 'அபா கோன்ஃபி'க்கு முதல் முறை. முறையைக் காப்பவர் 'அபா ஹெரேகா'. மற்றவர்களுக்குக் குல உறவுப்படி. மூன்று நாளைக்கு ஒருமுறை நீர். காசு கிடையாது, தோண்டவும் தூர்வாரவும் தொட்டி பூசவும் உழைப்புத் தர வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

எல் சோட் போய்வந்தோம். எரிமலைக் குழியின் அடியில் கருப்பு ஏரி. அதில் முங்கி உப்புச் சேற்றை அள்ளி வருகிறார்கள், கழுதைகள் மேலே சுமக்கின்றன. முங்குபவர்களின் கண்கள் சிவந்து கிடந்தன. படமெடுக்கக் காசு கேட்டார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டேன், படம் எடுக்க மனம் வரவில்லை.

ராத்திரிப் பேச்சு முழுக்க அடுத்த மாதம் நடக்கப்போகும் 'கடா' ஆட்சி மாற்றம். கடா என்பது போரானா மக்களின் மரபு ஆட்சிமுறை, அதன் தலைவர் 'அபா கடா'. 2017 முதல் அபா கடாவாக இருக்கும் குரா ஜார்சோ பொறுப்பை ஒப்படைக்கிறார். எட்டு ஆண்டுக்குமேல் யாரும் இருக்க முடியாது. தாத்தா தன் வெள்ளை வேட்டியை இப்போதே எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 13

இந்த வீட்டு மாடுகளுக்கு இன்று முறை. பாட்டி விடியுமுன்னே களிமண்ணோடு இறங்கித் தொட்டி விரிசலைப் பூசினார், நானும் மண் குழைத்துக் கொடுத்தேன். மந்தைகள் பல போன பிறகு, வெயில் சாய்ந்த நேரத்தில், அபா ஹெரேகா கையசைத்தார். வெறும் மூன்று மாட்டுக்காக அந்த எட்டுப் பேரும் அதே குரலில் பாடினார்கள். குலம் கொடுத்த பசு நீண்ட நேரம் தலை தூக்காமல் குடித்தது. அடுத்த முறை 16ஆம் தேதி.