சாவி கொடுக்கும்வரை

அக்டோபர் 2
வீடு மாற லோரிக்காரர் 350 வெள்ளி கேட்கிறார். சாமான் மட்டும்தானாம், செடிகொடி ஏற்றமாட்டாராம்.

அக்டோபர் 3
கறிவேப்பிலையில் ஐந்து புழு. நேற்று பறவை எச்சம் என்று நினைத்துத் தண்ணீர் அடிக்கப் போனேன். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள். சின்னதில் எச்சம் மாதிரி ஏமாற்றும், வளர்ந்தால் இலைப்பச்சை. பச்சைக்கு மாறிவிட்ட ஒன்றை லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு எட்டிப் பார்த்தது. கூடவே ஒரு வாடை. தப்பாவ் (பார்சல் சாப்பாட்டு) டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டி ஃப்ளாஷுக்கு முன்னால் ஒட்டி, எஃப் 11இல் இருபது படம். ஒன்றில்கூடக் கொம்பு கூர்மையாக இல்லை. மறுபடி தொட மனம் வரவில்லை.

அம்மா இருந்தால் கிள்ளி எறிந்திருப்பார். ரசத்துக்கு இலை வேண்டுமே.

அக்டோபர் 5
மோட்டாரில் இரண்டு பெட்டி கட்டிக்கொண்டு ஃபெரியில் அக்கரைக்கு, பினாங்குத் தீவுக்கு. பட்டர்வொர்த் பக்கம் கருடன் மூன்று.

எத்தனை வருஷமாக இந்த ஒரு படம். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம், பின்னால் வெளுத்த வானம். வானத்தை நம்பி எடுத்தால் உடம்பு கரி. உடம்புக்காக வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் ஏற்றினால் தலை சுண்ணாம்பு. இன்றைக்கு அதையும் சரிசெய்துவிட்டு, முழங்கையைக் கொண்டுபோய்க் கம்பியில் ஊன்றினேன்! எஞ்சின் நடுக்கம் முழுவதும் லென்ஸுக்குள். ஷட்டர் வேகத்தை 1/1000க்கு மேல் ஏற்றாததும் என் தப்புதான். 143 படம், தேறியது ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற பாட்டி கருடனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

வீட்டில் சொன்னேன். "சாமி நேர்ல வருது, நீங்க மீட்டரப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

அக்டோபர் 6
புழு நான்கு.

அக்டோபர் 7
இரண்டு. கெரெங்கா எறும்பு, பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து துணிக்கொடி வழியாக. அங்கே இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. நூல் வருவது தன் புழுக்களின் வாயிலிருந்து. பிள்ளையைத் தறிநாடா மாதிரி பிடித்துக்கொண்டு தைக்கிற ஜாதி, அடுத்தவன் பிள்ளையை விடுமா? கொடியை அவிழ்த்துவிட்டேன். ஈரத்துணி நாற்காலிகளில்.

அக்டோபர் 8
ஒன்று கீழ்க்கிளையில் கூட்டுப்புழு ஆகிவிட்டது. இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு பட்டு இழை, அதில் சாய்ந்து நிற்கிறது. இன்னொன்றைக் காணோம். பத்து நாள் எடுத்தால் 18. சாவி கொடுப்பது 15.

அக்டோபர் 10
வீட்டை வாங்கியவர் வந்து பார்த்தார். பின்பக்கம் முழுக்க சிமெண்ட் போடுவாராம், கார் நிறுத்த. மரத்தைக் கையால் காட்டி "இது?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிளையை வெட்டி எடுத்துப் போகலாம் என்கிறாள் இவள். வெட்டலாம். கூட்டுப்புழுவுக்கு இனி இலை தேவையில்லை, அசையாமல் நின்றால் போதும். ஆனால் போன வருஷம் ஒன்றை இப்படித்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பழுப்பாகி, ஊசி முனை அளவு ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து பொடிப்பொடியாகக் குளவி வந்தது. அதையும் படம் எடுத்தேன் என்பது வேறு விஷயம். குளவிக்கும் மேக்ரோ லென்ஸ் ஒன்றுதான்.

காற்றில் ஆடுகிறது. துணிக்கிளிப்பால் பக்கத்துக் குச்சியோடு பிடித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 11
சாயங்காலம் மார்க்கெட் கம்பிகளில் தகைவிலான் குருவிகள், ஒட்டி ஒட்டி, நூற்றுக்கணக்கில். வடக்கே குளிர் தொடங்கிவிட்டது போல. எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 12
மழை. பெட்டி கட்டினோம். அம்மாவின் அம்மி லோரியில் ஏறுமா என்று சண்டை.

அக்டோபர் 14
வெட்டினேன். ரொட்டி டப்பாவில் குச்சியைச் சாய்த்து, ஃபெரியில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கேமராவை வெளியே எடுக்கவில்லை. கருடனும் வரவில்லை. நல்லதுதான்.

அக்டோபர் 15
கொடுத்தாயிற்று.

புது வீடு, பாயா தெருபோங், பதினெட்டாவது மாடி. காலையில் உழவாரன் குருவிகள் எனக்குக் கீழே பறந்தன! இத்தனை வருஷம் வயிற்றையே எடுத்தவன் முதல்முறை முதுகைப் பார்க்கிறேன். பிட்டத்து வெள்ளைப் பட்டை பளிச்சென்று, பின்னால் வானமில்லை, மலையின் கரும்பச்சை. வெளிச்சக் கணக்கே வேறு. கருடன் இந்த உயரத்துக்கு வந்தால்? ஆனால் கிரில் இடுக்கு லென்ஸைவிடச் சின்னது. கழற்றலாமா என்றேன். இவள் பார்த்த பார்வையில் அது முடிந்தது.

அக்டோபர் 17
கூட்டுப்புழு கறுத்திருக்கிறது. இறகின் நிறமா வேறு எதுவுமா, டார்ச் அடித்தும் தெரியவில்லை. ஓட்டை இல்லை. ட்ரைபாடு போட்டு, மூடியை ஃப்ளாஷில் மறுபடி ஒட்டியாயிற்று. அலாரம் 6.