ஆனிச் சாரலும் ஈரத் தாளும்

ஜூன் 14

இன்றும் போன் வரவில்லை.

ஜூன் 15

ஆனி பிறந்துவிட்டது. விடிந்ததிலிருந்து சாரல். செங்கோட்டையில் இருக்கிற அத்தனை பேரும் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பேசிக்கொண்டிருக்க, நான் நீர்வண்ணம் பழகுகிறேன் என்று ஒரு தம்ளர் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தென்காசியில் வாங்கிய டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டதுமே மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. பள்ளங்களில் நீலம் போய்த் தேங்குகிறது. மேடெல்லாம் வெளுப்பு. இரண்டாம் முறை தூரிகையை வைத்தால் தாளே திரிதிரியாக உரிந்து வருகிறது.

டிராயிங் மாஸ்டர் திண்ணையில் நின்றபடியே பார்த்தார். "முந்நூறு ஜிஎஸ்எம் கெட்டித் தாள் வரட்டும் பிள்ளே. அது வரைக்கும் பென்சிலைப் பிடி."

அப்புறம் தம்ளர் ஒன்று போதாதாம். அழுக்குத் தூரிகையைக் கழுவ ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று. அம்மா தன் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஜூன் 17

தாள் வந்துவிட்டது. முழுப் பருத்தி, 300 ஜிஎஸ்எம், கோல்டு பிரஸ், அதாவது லேசான சொரசொரப்பு. விலையை அம்மாவிடம் பாதியாகச் சொன்னேன். பிரானூர் மரக்கடையில் ஒரு பிளைவுட் துண்டு கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள். தாளை நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு அதில் ஒட்டியாயிற்று.

இன்று பாடம் ஃபிளாட் வாஷ். வேறெதுவும் கிடையாது, ஒரே நிறத்தில் ஒரு செவ்வகம். பலகையின் தலைப்பக்கம் ஒரு புத்தகத்தை முட்டுக் கொடுத்துச் சாய்த்துக்கொள்ள வேண்டும். கலவையை முதலிலேயே தாராளமாகக் கரைத்துவிட வேண்டும், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. எட்டாம் நம்பர் தூரிகையை நன்றாக முக்கி இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தால், கோட்டின் அடியில் தண்ணீர் ஒரு மணிபோலத் திரண்டு நிற்கும். அடுத்த கோடு அந்த மணியைத் தொட்டபடி போக வேண்டும். அது அப்படியே ஒரு வரி கீழே இறங்கும். இப்படியே கடைசி வரை. கடைசியில் தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு, மிச்ச மணியை அதன் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். நடுவில் யாராவது வாசலில் கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது. நானும் சொல்லவில்லை. கேஸ் சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது.

காய்ந்ததும் ஒரு படி வெளுத்துவிடுகிறது. ஈரத்தில் பார்த்து மயங்கக் கூடாது.

ஜூன் 18

அண்ணன் பேசினான். ரிப்போர்ட் அடுத்த வாரம் என்கிறார்களாம். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் "சரி, சரி" என்பதோடு வைத்துவிட்டேன். போன வாரமும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னார்கள்.

ஜூன் 20

இந்தப் பச்சை என்னைப் படுத்துகிறது.

மாடியில் நின்றால் புளியரை வயல், அதற்குப் பின்னால் தென்னை, அதற்கும் பின்னால் மலை. மூன்றும் பச்சைதான், ஆனால் மூன்றும் வேறு. டியூபிலிருந்து வரும் சாப் கிரீனை அப்படியே வைத்தால் மூன்றும் ஒன்றாகி, பள்ளிக்கூடச் சுவரில் எழுதிய விளம்பரம் போல நிற்கிறது. மாஸ்டர் பச்சை டியூபையே வாங்கி வைத்துக்கொண்டார். இனி கலந்துதான் எடுக்க வேண்டும்.

காம்போஜ் மஞ்சளோடு அல்ட்ராமரீன் நீலம் கொஞ்சம் சேர்த்தால் வயல் வருகிறது. காம்போஜ் முன்பு ஒரு மரத்துப் பிசினாம். நாம் மீன் குழம்பில் போடுகிற குடம்புளி மரமும் அதே இனம்தான். இப்போது டியூபில் இருப்பது பெரும்பாலும் செயற்கை மஞ்சள். அல்ட்ராமரீனும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் பக்கத்துக் கல்லை அரைத்து எடுத்தது, 1820களில் பிரான்சில் செயற்கையாகச் செய்யும் வழி கண்டுபிடித்தார்கள். அப்புறம் அது வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலப்பொடி வரைக்கும் வந்துவிட்டது. அதன் துகள் தாளின் குழிகளில் போய் உட்கார்ந்து பொரிப்பொரியாகத் தெரிகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மலைதான் வரவில்லை. எத்தனை தடவை கலந்தாலும் வரவில்லை. அம்மா மாடிப்படியில் மெதுவாக ஏறி வந்து பார்த்தாள்.

"ஏட்டி, நம்ம மலை எங்க பச்சையா இருக்கு? சாரல் நேரத்துல கருநீலமால்லா இருக்கும்."

அல்ட்ராமரீனில் பர்ன்ட் சியன்னாப் பழுப்பு. பச்சையே இல்லை. வந்துவிட்டது.

மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். எப்படிச் சொல்ல?

ஜூன் 22

வெட்-ஆன்-வெட். தாளை முழுக்க நனைத்துவிட்டு அதன்மேல் நிறம் விடுவது. மேகம் தானாகவே பரவுகிறது, நாம் வேடிக்கை பார்த்தால் போதும். எனக்குத்தான் வேடிக்கை பார்க்க வரவில்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பளபளப்பு இருக்கும் வரை விடலாம். பளபளப்பு போய் மங்கினதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் அது பாதி காய்ந்த நிறத்தை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் போலக் கறை பூத்துவிடும். என் மேகத்தில் ஒரு தோட்டமே இருக்கிறது.

"உணங்கட்டும், தொடாதே" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இந்தச் சாரலில் எங்கே உணங்குகிறது? வீடியோவில் அந்த வெள்ளைக்காரர் பத்து நிமிடம் என்கிறார். அவர் ஆனி மாதம் செங்கோட்டைக்கு வந்து பார்க்கட்டும்.

ஜூன் 23

கரண்ட் இல்லை. தாளும் காயவில்லை, துணியும் காயவில்லை.

ஜூன் 25

கழுதுருட்டிக்கு வரையப் போனேன், மலைக்கு அந்தப் பக்கம், கேரளா. அம்மா வந்தே தீருவேன் என்றாள். கோட்டைவாசல் மலைப்பாதை வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டாள், தலைசுற்றலா என்று கேட்டதற்கு "தூங்குதேன்" என்றாள். பதிமூணு வளைவு வைத்த ரயில் பாலம், பதிமூணு கண்ணறைப் பாலம் என்பார்கள், அதற்கு எதிரே இறங்கினோம். 1904இல் ரயில் விட்ட பாதை. இவள் சின்ன வயதில் மீட்டர்கேஜில் போயிருக்கிறாள், எஞ்சின் புகை கண்ணில் விழும் என்று முந்தானையால் முகத்தை மூடிக்காட்டினாள்.

வெள்ளை டியூப் கொண்டுபோகவில்லை. இதில் வெள்ளை என்பதே தாள்தான், விட வேண்டிய இடத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். தூண்களின் வெயில் பக்கத்தை விட்டேன். வெயில் ஏது, நானாக வைத்துக்கொண்ட வெயில். கண்ணறைகளுக்குள் தெரிகிற காட்டை அடர்த்தியாகப் போட்டதும் தூண்கள் தாமாக முன்னால் வந்து நின்றன. தூணை நான் வரையவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இளைத்திருக்கிறாள். நிச்சயமாக இளைத்திருக்கிறாள்.

ஜூன் 26

ரவி வர்மாகூட முதலில் நீர்வண்ணம்தான் பழகினாராம், அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவிடம். மாஸ்டர் சொன்னார். அதனால் எனக்கென்ன.

ஒன்றும் வரையவில்லை.

ஜூன் 28

லேபில் பெயர் மாறிவிட்டதாம். மறுபடி முதலிலிருந்து பார்க்கிறார்களாம். இத்தனை நாளாக யாருடைய ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்? அண்ணன் போனில் கத்துகிறான், என்னிடம் கத்தி என்ன பிரயோசனம்?

ராத்திரி பதினொரு மணிக்கு வெறும் சாம்பல் நிறமாகக் கலந்து கட்டம் கட்டமாகப் போட்டேன். நீலம் தூக்கலாக ஒன்று, பழுப்பு தூக்கலாக ஒன்று. தாள் தீரும் வரை போட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது.

ஜூன் 30

அம்மா கேட்டாள்: "அந்தப் பாலத்துப் படத்துல என்னைப் போடலியா?"

ஜூலை 1

அண்ணன் கூப்பிட்டான். போனில் சொல்ல மாட்டேன், நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வா என்கிறான். பழைய ஸ்கேன், ஆதார், இன்சூரன்ஸ் கார்டு, அம்மாவின் கம்பளி. மாஸ்டரிடம் சாவி கொடுக்க வேண்டும். மிச்சமிருக்கிற தாளை நாலாக வெட்டிப் பையில் வைத்துவிட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், அங்கே தம்ளர் கிடைக்கும். ஆறரைக்கு பஸ்.