தண்ணி எங்க போச்சு டீச்சர்?

மதுரை மாவட்டம் மேலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சியின் கடைசி நாளில் எங்கள் எல்லார் கையிலும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘வகுப்பறையில் இணையத்தைப் பயன்படுத்துவதில் உங்கள் இலக்குகள் என்ன?’ என்று அதில் கேட்டிருந்தது. நான் மூன்று எழுதினேன். வாரம் இரண்டு காணொளி காட்டுவேன். பாடப் புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடுகளை ஸ்கேன் செய்து காட்டுவேன். மாதம் ஓர் ஆன்லைன் வினாடி வினா நடத்துவேன்.

சொன்னபடி மூன்றையும் செய்துவந்தேன். பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. அப்புறம் அரையாண்டுத் தேர்வு வந்தது. பல்நோக்குத் திட்டங்கள் பற்றிய கேள்விக்கு தாமோதர், பக்ராநங்கல், ஹிராகுட் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். விடைத்தாளைக் கொடுத்த அன்று சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

“உங்க வயலுக்குத் தண்ணி எங்கேயிருந்து வருது?”

“கால்வாயிலேருந்து.”

“கால்வாய்க்கு?”

“டேம்லேருந்து டீச்சர்.”

எந்த டேம் என்றதும் பாதிப் பேர் வைகை என்றார்கள், பாதிப் பேர் பெரியாறு என்றார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும், வருடத்துக்கு ஒரு விளைச்சலுக்கு மட்டும் தண்ணீர் கிடைக்கும் ஒருபோகப் பாசனத்துக்கு எப்போது திறப்பார்கள் என்று ஆவணி, புரட்டாசியில் வீட்டில் தினமும் பேச்சு நடக்கிற பிள்ளைகள்.

அன்று இரவு அந்தப் பயிற்சித் தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். மூன்று வாக்கியத்துக்கும் எழுவாய் ‘நான்’. காட்டுவது நான், ஸ்கேன் செய்வது நான், நடத்துவது நான். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எழுவாயை மாற்றி எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தேடத் தொடங்குவார்கள். கிடைத்ததைச் சரிபார்ப்பார்கள். இணையத்தில் இல்லாத ஒன்றை அவர்களே அதில் சேர்ப்பார்கள். அன்று முதல் என் இலக்குகள் இவைதான்.

அடுத்த வாரம் பத்தாம் வகுப்பை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேருக்கு ஒரு கணினி. கூகுள் எர்த்தைத் திறந்து, முதலில் அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பாதிப் பாடவேளை அதிலேயே போனது, நான் தடுக்கவில்லை. தன் வீட்டு மாட்டுக்கொட்டகையை மேலிருந்து பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதைத் தடுக்க மனசு வராது.

அப்புறம் ஊர்க் கண்மாயில் விரலை வைத்து, தண்ணீர் வந்த வழியே மேல்நோக்கிப் போகச் சொன்னேன். வரத்துக் கால்வாய், பெரியாறு பிரதானக் கால்வாய், கள்ளந்திரி. “இதுக்கு மேலேதான் டீச்சர் இருபோகம்” என்று ஒரு பையன் குறுக்கே சொன்னான். அது எந்தக் காணொளியிலும் வராத பாடம். பேரணை என்ற இடத்தில் வைகையைப் பிடித்து, வைகை அணையைத் தாண்டி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக ஆற்றோடு ஏறிக்கொண்டே போனார்கள். கூடலூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் கோடு நின்றுவிட்டது.

“தண்ணி எங்க போச்சு டீச்சர்?”

நான் பேசாமல் இருந்தேன். ஒருவன் படத்தை மலைக்கு அந்தப் பக்கம் இழுத்தான். காட்டுக்குள் கிளை கிளையாகப் பிரிந்து ஒரு பெரிய ஏரி. தேக்கடி. “ஏரி அந்தப் பக்கம் கெடக்கு, தண்ணி மலையேறியா வரும்?” என்று அவனே கேட்டான். வகுப்பு முழுக்க ஒரே சத்தம். கடைசி வரிசையில், அதிகம் பேசாத ஒரு பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “கொடஞ்சிருப்பாங்க.”

அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீரைக் கிழக்கே திருப்பியதையும், 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்ததையும் சொன்னேன். அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக் பெயர் இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தெரியும். அவர் செய்த வேலை என்னவென்று இவர்களுக்கு அன்றுதான் கண்ணால் பார்த்த மாதிரி விளங்கியது. காணொளி என்றால் நாலு நிமிடத்தில் முடிந்திருக்கும், இதற்கு இரண்டு பாடவேளை ஆனது. போர்ஷன் முடிக்க வேண்டிய கவலை எனக்கும் உண்டு. இருந்தாலும் அந்த இரண்டு பாடவேளையைத் திரும்பக் கொடுத்தாலும் இப்படித்தான் செலவழிப்பேன்.

சரிபார்க்கும் பாடமும் அதே அணையிலிருந்தே கிடைத்தது. முல்லைப் பெரியாறு நீர்மட்டம் எத்தனை அடி என்று தேடச் சொன்னேன். ஒரு குழு 152 என்றது, ஒரு குழு 142, இன்னொரு குழு 136. “எது சரி?” என்று என்னிடம் கேட்டார்கள். “மூணும் சரி. ஏன்னு நீங்க சொல்லுங்க” என்றேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியைத் தேடிப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. பாதுகாப்பு பற்றிய சர்ச்சையால் 1979-இல் அதை 136 அடியாகக் குறைத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தேடிக் கிடைத்த எந்தத் தகவலுக்கும் பக்கத்தில் ‘எப்போது?’ என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் அன்று வந்தது. இப்போது நான் கரும்பலகையில் எழுதும் எண்ணுக்கும் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

நெட் வராத நாட்கள் நிறைய. அதற்காக வேண்டிய படங்களை முதல் நாளே பென்டிரைவில் எடுத்துவைத்துவிடுவேன். இன்னொன்றிலும் கண்டிப்பாக இருக்கிறேன், போன் தேவைப்படுகிற வீட்டுப்பாடம் கொடுப்பதில்லை. 2020-இல் பள்ளிகள் மூடியிருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப்போய்விடுவார் என்று பல பிள்ளைகள் பள்ளி திறந்த பிறகுதான் சொன்னார்கள். அத்தனை மாதமும் அவர்கள் பாடத்துக்கு வெளியே இருந்திருக்கிறார்கள். அது இன்னும் என் மனதை அறுக்கிறது. இணையத்தில் செய்ய வேண்டியது எதுவானாலும் அது பள்ளி நேரத்துக்குள், பள்ளிக் கணினியில்தான்.

மூன்றாவது இலக்குக்கு வழிகாட்டியது ஒரு மாணவியின் கேள்வி. “எல்லாத்துக்கும் பேர் போட்டிருக்கு, நம்ம கண்மாய்க்கு மட்டும் ஏன் டீச்சர் பேர் இல்ல?” ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது. 2004-இல் தொடங்கிய அந்த உலக வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கலாம், திருத்தலாம். நாமே போடுவோம் என்றேன். நம்ப மாட்டாமல் என்னையே பார்த்தார்கள். இணையத்தில் இருப்பதையெல்லாம் எங்கோ பெரிய ஆட்கள் எழுதிவைக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவர்களுக்கு நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கும் மதுரைத் திட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகமெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி வைத்தேன். எந்தப் பெயரானாலும் ஊரில் மூன்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டால்தான் ஏற்ற வேண்டும். நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முன்பு கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியாக இருந்த ஒரு தாத்தா சாயங்காலம் முழுக்கக் கரையில் நடந்து மடை மடையாகக் காட்டினாராம். கண்மாய் நிரம்பினால் மறுகால் எங்கே பாயும், எந்த மடையில் எந்த வயல் முதலில் நனையும் என்று இரண்டு பக்கம் எழுதி வந்தார்கள். ஆய்வகத்தில் என் கணக்கைத் திறந்து, தமிழ்99 விசைப்பலகையில் ‘ண்’ எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி ‘கண்மாய்’ என்று அடித்தாள், அந்தக் கேள்வியைக் கேட்டவள். பிள்ளைகளின் பெயரோ படமோ எதிலும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கண்மாயும் மறுகாலும் இரண்டு மடைகளும் இப்போது வரைபடத்தில் பெயரோடு இருக்கின்றன. நடுவில் இருக்கும் மூன்றாவது மடையை நீர்பாய்ச்சித் தாத்தா புளியடி மடை என்கிறார். எதிர்த்தெரு அப்பத்தா கோயில் மடைதான் என்று அடித்துச் சொல்கிறார். ஒரே பெயரைச் சொல்லும் மூன்று பேரைத் தேடி இந்த வருடப் பிள்ளைகள் அலைந்துகொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அந்த இடத்தில் பெயர் போடக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.