ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்
இளைஞர்களுக்கு வழிகாட்ட வருபவர்களுக்கான பயிற்சியில் நான் முதலில் பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான். 14 வயதுப் பெண் "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால், "உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லியாக வேண்டும், யாரிடம் என்று உனக்கு முன்பே சொல்லிவிடுவேன்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் துருவித் துருவிக் கேட்காமல், அவள் சொன்ன வார்த்தைகளையே அன்றைக்கே எழுதி, அமைப்பில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பாளரிடம் கொடுங்கள். விசாரிப்பது நம் வேலை இல்லை. இதையெல்லாம் இருவர் இருவராக உட்கார்ந்து நடித்துப் பார்த்தால்தான் வாயில் வரும்.

இன்னொன்று, வழிகாட்டி பாதியில் விட்டுப் போவது. கிராஸ்மன், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த வழிகாட்டி–பிள்ளை உறவுகளில்தான் அதிகப் பலன் தெரிந்தது, சீக்கிரமே முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்தே போனது. ஒரு வருடம் ஒதுக்க முடியாதவரை, எவ்வளவு நல்லவரானாலும், நான் சேர்ப்பதில்லை.