ரிசர்வ் வங்கி வாசலில் ஒரு யட்சி

தில்லியில் படேல் சௌக் பக்கம் வேலை இருந்தால், ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன். வாசலின் இருபுறமும் ராம்கிங்கர் பைஜ் வடித்த யட்சனும் யட்சியும். குபேரனின் பரிவாரத்தைப் பணக்காப்பகத்துக்குக் காவல் வைத்தது எவ்வளவு பொருத்தம்! யட்சன் கையில் பணப்பை, கூடவே ஒரு பற்சக்கரம். பை பழைய மரபு. சக்கரம் நேரு காலத்துத் தொழில் கனவு. மதுரா அருங்காட்சியகத்தில் உள்ள ‘பர்க்கம் யட்சன்’ என்ற பழங்காலச் சிலைதான் இவனுக்கு முன்மாதிரி.

எனக்கு யட்சியைத்தான் அதிகம் பிடிக்கும். பூவும் கதிர்க்கட்டும் ஏந்தி, உழைத்து உரமேறிய உடம்போடு நிற்கிறாள். சாந்திநிகேதனில் 1938-இல் சிமென்டையும் சரளையையும் கொண்டு ‘சந்தால் குடும்பம்’ என்ற பழங்குடிக் குடும்பச் சிற்பத்தை உருவாக்கிய கை அல்லவா, வழுவழுப்பு அதற்கு வராது.

இந்தச் சிலைகளுக்காக இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கல் தேடியது முதல் வேலை முடியும்வரை பத்தாண்டுக்கு மேல் ஆனது. பிறகு, ஆடையில்லாத பெண்ணுருவம் எதற்கு என்று மாநிலங்களவையில் கேள்வி எழுந்ததாம். கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கோபம் இன்றுவரை விளங்கவில்லை. தில்லி போகிறவர்கள் சாலையிலிருந்தாவது அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.