சூசன்னா அக்னெல்லி: பியட் குடும்பத்திலிருந்து வந்த ஊர் மேயர்

பியட் கார் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜொவான்னி அக்னெல்லியின் பேத்தி சூசன்னா, 1922இல் தூரின் நகரில் பிறந்து, பதின்மூன்று வயதில் கடல்விமான விபத்தொன்றில் தந்தையைப் பறிகொடுத்து, இரண்டாம் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கச் செவிலியராகக் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தவர். 1966இல் நிறுவனத்தின் தலைமை அண்ணன் ஜானியின் கைக்குச் சென்றது.

சூசன்னாவோ 1974 முதல் 1984 வரை, மீன்பிடி படகுகளும் செல்வந்தர்களின் உல்லாசப் படகுகளும் அருகருகே நிற்கும் டஸ்கனிக் கடலோர ஊரான மொந்தே அர்ஜென்தாரியோவின் மேயராக இருந்தார். 1995இல் இத்தாலியின் முதல் பெண் வெளியுறவு அமைச்சரானதையே பலரும் முதலில் சொல்வார்கள்; உள்ளூர் மக்களுக்கு நாள்தோறும் பதில் சொல்லக் கடமைப்பட்ட அந்தப் பத்தாண்டுகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் தெலெத்தோன் நிகழ்ச்சியை 1990இல் இத்தாலிக்குக் கொண்டுவந்தவரும் அவரே.