ஸ்கோர் தாளில் ஏறாதவை

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து பார்க்கப் போனால், பந்து இல்லாத பெண்ணைப் பாருங்கள். என் அக்கா மகள் இங்கே பெங்களூருவில் தன் கல்லூரி அணிக்கு ஆடுகிறாள். போன போட்டியில் அவள் போட்டது நான்கே புள்ளி. "அவ்வளவுதானா?" என்று ஊரிலிருந்து அக்கா போனில் இழுத்தாள்.

அக்கா பார்க்காதது இது. கடைசிக் கால்பகுதி. எதிரணியின் உயரமான பெண் கூடையை நோக்கிப் பாய்ந்து வருகிறாள். இவள் குறுக்கே போய், இரண்டு பாதங்களையும் ஊன்றி, கைகளை மார்போடு அணைத்து நின்றாள். மோதியதில் மல்லாந்து விழுந்தாள். விசில். ஊன்றி நின்றவளை இடித்ததால் பாய்ந்து வந்தவள் மீது பவுல் (விதிமீறல்), பந்து நம் பக்கம். முழங்கையில் தோல் உரிந்திருந்ததை மறுநாள்தான் கவனித்தாளாம்!

அப்புறம் பேச்சு. தடுப்பாட்டத்தில் வாயைத் திறக்காத அணி பாதி தோற்றுவிட்டது என்பேன். இவர்கள் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று வந்ததையெல்லாம் கலந்து கத்தினார்கள். எதிரணிக்குக் கூடையில் போட இருப்பதோ 24 விநாடி. யார் யாரைத் தடுப்பது என்பது அதற்குள் தெளிவாக வேண்டாமா? களமிறங்கவே வாய்ப்புக் கிடைக்காத ஒரு பெண் ஓரத்தில் நின்று விநாடிகளை எண்ணிக் கூவினாள். என் கோப்பை அவளுக்குத்தான்.

2017இல் இதே ஊர்க் கண்டீரவா அரங்கில், ஆசியக் கோப்பையின் இரண்டாம் நிலையான 'பி' பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். வித்தியாசம் ஒரே ஒரு கூடை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு பவுலை வாங்கித் தருகிறவளின் விலை என்ன?

தேர்வின்போது அளவு நாடாவை எடுத்து உயரம் பார்க்கும் பயிற்சியாளர்கள், யார் வாய்விட்டுக் கத்துகிறாள் என்றும் கொஞ்சம் பார்க்கலாம்.